மற்றவை

போக்குவரத்துத் திட்ட அறிக்கைகளில் ஓர் அட்டவணை பெரும்பாலும் இருக்கும். நகரத்து மக்கள் எதற்காக வீட்டைவிட்டு வெளியே போகிறார்கள் என்று நோக்கம்வாரியாகப் பிரித்துக் காட்டும் அட்டவணை. வேலைக்கு இத்தனை விழுக்காடு, கல்விக்கு இத்தனை, தொழில் நிமித்தம் இத்தனை. கடைசி வரியில் ‘மற்றவை’ என்றிருக்கும். நான் தமிழ் படித்தவள். எந்த அறிக்கையையும் இலக்கியப் பிரதியை வாசிக்கிற புத்தியோடுதான் எனக்கு வாசிக்கத் தெரியும். எதற்குப் பெயர் கிடைக்கிறது, எது பெயரில்லாமல் ஓரமாக ஒண்டிக்கொள்கிறது என்று பார்ப்பது எங்கள் துறைப் பழக்கம். அந்தப் பழக்கத்தால் ‘மற்றவை’யில் வந்து நின்றுவிட்டேன்.

ரேஷன் கடை, அங்கன்வாடி, மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்காக அரசு மருத்துவமனையில் சீட்டு போட வரிசையில் நிற்பது, பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினால் போய் டீச்சரைப் பார்ப்பது, மகளிர் குழுக் கூட்டம், தங்கையின் பிரசவம், சாவு வீடு, கேஸ் புத்தகம், ஆதாரில் பெயர் திருத்தம். இவை எல்லாம் அந்த ஒரு வரிக்குள்தான் அடங்கியாக வேண்டும். ஸ்பெயின் நாட்டு நகரத் திட்டமிடல் அறிஞர் இனெஸ் சாஞ்செஸ் தெ மதாரியாகா இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து ஒரு பெயர் கொடுத்தார். தமிழில் சொல்வதானால் ‘பராமரிப்புக்கான பயணங்கள்’. இப்படி ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தால் வேலைக்குப் போகும் பயணங்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு இவையும் இருக்கும் என்பது அவர் வாதம். தொகுக்காதவரை பொடிப்பொடியாகச் சிதறி, ஷாப்பிங் என்றும் சொந்த வேலை என்றும் பொழுதுபோக்கு என்றும் கணக்காகிவிடும். குழந்தைக்கு ஜட்டி வாங்கப் போவது பொழுதுபோக்கு!

நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலைக்குப் போகும் தூரத்தையும் வாகனத்தையும் கேட்டுப் பதிவு செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வெளியான அட்டவணை விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத்தொழில் செய்கிறவர்களையும் விட்டுவிட்டு மீதிப் பேரைப் பற்றியது. சம்பளமில்லாத வேலைக்காக அலைகிறவர்களைப் பற்றிய பேச்சே அதில் கிடையாது.

சென்ற ஆண்டு முதுகலை மாணவிகளிடம் ஒரு பயிற்சி கொடுத்தேன். அம்மா, அக்கா, பாட்டி, யாராவது ஒருவர் ஒரு நாள் முழுக்க எங்கெங்கே போய்வந்தார் என்று நேரத்தோடு எழுதி வாருங்கள் என்றேன். பதினெட்டுத் தாள்கள் வந்தன. ஒரு மாணவி தன் அம்மாவின் பட்டியலில் கடைசியாக எழுதியிருந்தது இது: மாலை ஐந்தரைக்குத் தன் அம்மாவைப் பார்க்க பஸ் ஸ்டாப்புக்குப் போனார், முக்கால் மணி நேரம் நின்றார், பஸ் வரவில்லை, இருட்டிவிட்டதால் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். “அம்மா, இத எதுல சேக்கறது?” என்று அந்தப் பெண் கேட்டாள். எதிலும் சேர்க்க முடியாது. சாலையோரத்தில் உட்கார்ந்து வாகனங்களை எண்ணுகிறவரின் நோட்டில் அது வராது. பஸ்ஸுக்குள் ஏறாததால் டிக்கெட் கணக்கிலும் வராது. வீடுவீடாகப் போய்க் கேட்கும் ஆய்வில்கூட, நேற்று எங்கெல்லாம் போனீர்கள் என்றுதான் கேட்பார்கள். எங்கே போகமுடியாமல் திரும்பினீர்கள் என்று கேட்பதில்லை.

திட்டமிடுதலின் அறச்சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நடந்த பயணங்களை எண்ணி, அவை நாளைக்கு எவ்வளவு பெருகும் என்று கணித்து, அதற்கேற்ற பாலமும் பாதையும் கட்டுவது வழக்கமான முறை. எவர் ஏற்கெனவே நிறையப் பயணம் செய்கிறாரோ அவருக்கே மேலும் சாலை கிடைக்கும். போகாதவளுக்குத் தேவை இல்லை என்றாகிவிடும். பஸ் இல்லாததால் அவள் போகவில்லை. அவள் போகாததால் அந்தத் தடத்தில் ஆளில்லை. ஆளில்லாததால் பஸ் இல்லை. இந்த வட்டத்தைக் கணக்கு என்று சொல்லிக்கொள்கிறோம்.

அகப்பாடல்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். போகிறவனுக்குப் பாலை என்றால் இருக்கிறவளுக்கு முல்லை. காத்திருத்தலுக்கும் ஓர் உரிப்பொருள் என்ற இடம், அதற்கு நிலம், கார்காலமும் மாலையும் ஆகிய பொழுதுகள், பூ என்று எல்லாம் கொடுத்துப் பதிவு செய்த மரபு நம்முடையது. அதைச் சொல்லிப் பெருமைப்பட்டு நிறுத்திவிட எனக்கு விருப்பமில்லை. காத்திருத்தலைக் கவனித்த அதே மரபுதான் அதைக் கற்பாகவும் ஆக்கியது. தொல்காப்பிய அகத்திணையியலில் கடற்பயணம் பெண்ணோடு இல்லை என்று பொருள்படும் நூற்பா ஒன்று உண்டு. உரைகள் அதற்கு வேறுவேறு பொருள் சொல்லும். எப்படிச் சொன்னாலும், யார் எந்த வழியில் போகலாம் என்று விதிக்கிற குரல் அதில் கேட்கிறது. தமிழில் எழுதப்பட்ட பழைய போக்குவரத்து விதிகளில் ஒன்றாக அதை எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு பயணம் செய்த பெண்கள் நம் இலக்கியத்தில் இல்லையா என்றால், இருக்கிறார்கள். என்ன விலை கொடுத்துப் பயணம் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. கதைகளில் வரும் ஔவைக்கு முதுமை வேண்டியிருந்தது. காரைக்கால் அம்மையார் உடம்பின் தசையை உதறிப் பேயுருக் கொண்ட பிறகுதான் கயிலைக்குக் கிளம்புகிறார். மணிமேகலைக்குத் தெய்வம் மூன்று மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசி தாங்க ஒன்று. தனியாகப் போகிற இளம்பெண்ணுக்கு என்னென்ன தேவை என்று சாத்தனார் சரியாகத்தான் யோசித்திருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது, வழியில் மாட்டிக்கொள்ளாத வேகம் வேண்டும், கையில் காசில்லாமல் பசியைத் தாங்கத் தெரிய வேண்டும். இரவு பத்து மணிக்குப் பறக்கும் ரயில் நிலையங்களின் ஆளில்லாத பெரிய கூடங்களைக் கடந்து வெளியே வருகிறவளுக்கு இதில் எதுவும் பழங்கதையாகத் தோன்றாது. துப்பட்டாவை இழுத்துத் தலையைப் போர்த்திக்கொண்டு, யாரோடோ போனில் பேசுகிற பாவனையில் வேகமாக நடப்பாள்.

கண்ணகிக்கு மந்திரம் எதுவும் கிடைக்கவில்லை. அவள் நடந்தாள். புகாரைவிட்டுச் சற்றுத் தூரம் போவதற்குள்ளேயே கால் நோக, மதுரை எங்கே இருக்கிறது என்று கணவனைக் கேட்கிறாள். சென்னையில் அவள் பெயருக்கும் போக்குவரத்துக்கும் விநோதமான ஓர் உறவு உண்டு. மெரினாவில் நின்ற அவள் சிலையை 2001 டிசம்பரில் எடுத்தபோது, போக்குவரத்துக்கு இடையூறு என்பது சொல்லப்பட்ட காரணம். 2006இல் மறுபடியும் வைத்தார்கள். அதே 2000ஆம் ஆண்டையொட்டித்தான் நகரத்தின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசை போட்டிருந்தவர்களைப் பெயர்த்து ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். அந்தக் குடியிருப்பின் பெயர் கண்ணகி நகர். பின்னால் செம்மஞ்சேரி வந்தது, பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகள் வந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து இன்னும் பலரை அங்கே அனுப்பினார்கள். பெரும்பகுதி தலித் மக்கள். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் நடுவே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்.

இதை வீட்டுவசதி முடிவு என்கிறார்கள். நான் போக்குவரத்து முடிவு என்பேன். ஒருவர் வசிக்கிற இடத்தை நகர்த்தினால் அவர் போக வேண்டிய எல்லா இடங்களையும் அவரிடமிருந்து நகர்த்தியதாகத்தான் அர்த்தம். ஆண்களின் வேலை பலவும் ஊர் சுற்றுகிற வேலை: பெயின்ட் அடிப்பது, சுமை தூக்குவது, ஆட்டோ. தூரம் அவர்களையும் வதைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு வேலை செய்த பெண்களின் பிழைப்பு நடைதூரத்தை நம்பிக் கட்டியது. காலையில் இரண்டு வீடு, இடையில் ஓடிவந்து தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, மறுபடி ஒரு வீடு, மூன்றரைக்குப் பள்ளி விடுகிற நேரம். பெரும்பாக்கத்திலிருந்து மந்தைவெளிக்கு வந்துபோகிற ஒரு பெண் என்னிடம் சொன்னது: “மூணு வீடு பாத்துக்கினு இருந்தேன்மா. இப்ப ஒண்ணுதான். ஏழு மணிக்குள்ள வந்தாத்தான் வேலைன்றாங்க. பஸ்ஸு வந்தாத்தானேமா நான் வர முடியும்? வூடு குடுத்தாங்க, வேலைய எடுத்துக்கினாங்க.” அவர் இழந்த இரண்டு வீடுகளின் சம்பளம் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவுப் பக்கத்தில் வரவில்லை.

மதிப்பீடு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் பயன்படுத்துகிறேன். பெரிய போக்குவரத்துத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும்முன் அதனால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று ரூபாயில் காட்ட வேண்டும். ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டு மெட்ரோ ரயில் கொள்கை, இந்தப் பொருளாதார வருவாய் விகிதம் 14 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்கிறது. இப்படிக் காட்டுகிற லாபத்தில் பெரும்பங்கு பயணிகளுக்கு மிச்சமாகும் நேரம். நேரத்தை எப்படி ரூபாயாக மாற்றுவது? வழக்கமான வழி, வருமானத்தை வைத்து. மணிக்கு ஆயிரம் ரூபாய் சம்பாதிக்கிறவரின் அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தினால் ஐந்நூறு ரூபாய் லாபம் என்பதுபோல. வீடு துடைக்கிற பெண்ணின் அரைமணி நேரம் அதில் சிறு துண்டு. சம்பளமே இல்லாத அவளுடைய அம்மாவின் நேரம் ஏறக்குறையப் பூஜ்யம். நாட்டின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலைகளில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதற்குக் கொடுக்கிறார்கள். ஈடுபடுகிற ஆண்கள் 97 நிமிடங்கள். ஐந்து மணி நேரத்தைக் கூலியில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறவளிடம் மிச்சமிருப்பது சில நிமிடங்கள்தான். அரிதான பொருளுக்கு விலை அதிகம் என்று பொருளாதாரமே சொல்லும். இங்கே மட்டும் அது தலைகீழாகிறது.

எல்லோர் நேரத்துக்கும் ஒரே விலை போட்டால் போதாதா என்று கேட்கலாம். அப்படிச் செய்கிற முறைகளும் உலகத்தில் உண்டு. சம்பள ஏற்றத்தாழ்வை அது மறைக்கும், வரவேற்கலாம். ஆனால் அப்போதும் அலுவல் பயணத்தின் நேரத்துக்கு ஒரு விலை, மற்றப் பயணத்துக்கு அதைவிடக் குறைந்த விலை என்று வைத்துவிடுகிறார்கள். மறுபடியும் ‘மற்றவை’தான். இதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. நிமிடங்களைக் கூட்டுவதே அநீதியாக முடியலாம். அறுபதாயிரம் பேருக்குத் தலா ஒரு நிமிடம் மிச்சம் என்பதும் ஆயிரம் பேருக்குத் தலா ஒரு மணி நேரம் மிச்சம் என்பதும் கூட்டலில் ஒன்று. வாழ்க்கையில் ஒன்றல்ல. காரில் போகிறவருக்குப் பாலம் கொடுத்த ஒரு நிமிடம் சிக்னலில் கரைந்துவிடும். ஒரு மணி நேரம் கிடைத்தால் அந்தப் பெண்ணுக்கு இன்னொரு வீட்டு வேலை கிடைக்கும், அல்லது அவள் தூங்குவாள். என்னைக் கேட்டால், எத்தனை நிமிடம் மிச்சம் என்பதைவிட, இந்த ஏற்பாட்டால் யார் எதைக் கைவிட நேர்ந்தது என்பதை அளவுகோலாக வைக்கலாம். அளப்பது கடினம். கேட்டால் தெரிந்துவிடும்.

அமர்த்தியா சென் ஓரிடத்தில் சைக்கிளை உதாரணம் காட்டுவார். சைக்கிள் ஒரு பொருள். அதனால் கிடைக்கிற நடமாடும் திறன் வேறு. எல்லோருக்கும் ஒரே சைக்கிளைக் கொடுத்தாலும் எல்லோருக்கும் ஒரே திறன் வந்துவிடாது. இதைப் புதுக்கோட்டைப் பெண்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே செய்து காட்டினார்கள். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கிராமத்துத் தெருவில் பாவாடை தாவணியோடும் சேலையோடும் ஓட்டியவர்களைப் பார்த்துக் கேலி பேசியவர்கள் நிறைய. ஓட்டப் பழகிய பிறகு பஸ்ஸுக்காகவும் அப்பாவுக்காகவும் அண்ணனுக்காகவும் காத்திருப்பது குறைந்தது. பொருள் வீட்டில் ஏற்கெனவே இருந்தது, சுவரில் சாய்த்துவைத்திருந்தார்கள். திறனைத் தடுத்தது வேறு.

இதோடு சேர்த்துத்தான் 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று வந்ததைப் பார்க்கிறேன். அடுத்த மாதமே திருநங்கையருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அது விரிந்தது. பிறகு விடியல் பயணம் என்று பெயர் வந்தது. மாதம் சராசரியாக 888 ரூபாய் ஒரு பெண்ணுக்கு மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. பணத்தைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது, காசு கேட்க வேண்டியதில்லை என்பது. எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிவிட்டுத்தான் பத்து ரூபாய் வாங்க முடியும் என்ற நிலை பல பெண்களுக்கு இருந்தது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் கையிலிருந்து பத்து ரூபாய் அதிகாரம் போய்விட்டது. எரிச்சல் அங்கேதான். ‘ஓசி’ என்ற சொல்லை ஓர் அமைச்சரே 2022இல் மேடையில் சொன்னார், பின்னால் வருத்தமும் தெரிவித்தார். நெரிசலை உண்டாக்காத, தினம் ஐந்து மணி நேரம் சம்பளமில்லாமல் உழைக்கிற பெண் ஓசி. சாலையோரத்தைக் கார் நிறுத்துமிடமாகச் சும்மா எடுத்துக்கொள்கிறவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இதைக் கொண்டாடுகிற நான் இதையும் சொல்லியாக வேண்டும். கட்டணமில்லாத பஸ் எது என்றால் சாதாரண பஸ். எக்ஸ்பிரஸ் போகும், டீலக்ஸ் போகும், ஏசி பஸ் போகும், அவள் நிறுத்தத்தில் நிற்பாள். பணத்தால் கொடுக்க வேண்டியதை நேரத்தால் கொடுக்கிறாள். அவள் நேரத்துக்கு விலை இல்லை என்று முன்பே முடிவாகிவிட்டதால் இந்தச் செலவு யார் கண்ணிலும் படவில்லை. மறுபக்கம், மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். மெட்ரோ வேண்டாம் என்பவள் அல்ல நான். வெளிச்சமும் கழிப்பறையும் கேமராவும் உள்ள அந்த நிலையங்களில் பெண்கள் நிம்மதியாக நிற்க முடிகிறது. அந்த நிம்மதி டிக்கெட் வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும் என்பதுதான் உறுத்துகிறது.

யார் இதையெல்லாம் முடிவு செய்கிறார்கள்? மாநகர பஸ் அரசுக் கழகத்திடம். மெட்ரோ, ஒன்றிய மாநில அரசுகளின் கூட்டு நிறுவனத்திடம். புறநகர் ரயில் ரயில்வேயிடம். நிலம் எதற்கு என்பது சிஎம்டிஏவிடம். குடியிருப்பு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்திடம். இத்தனையையும் ஒருங்கிணைக்க ‘கும்டா’ என்கிற பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இல் சட்டம் வந்தது, 2019இல்தான் அது நடைமுறைக்கு வந்தது, முதல்வர் தலைமையில் 2022 நவம்பரில் கூடியது. இடைப்பட்ட காலத்தில் நகரம் காத்திருக்கவில்லை. 2022 அக்டோபரில் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனது. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது ரயில் தடம் அருகிலேயே ஓடியது, ஆனால் இறங்க நிலையம் இல்லை. தென்மாவட்டத்துப் பஸ்ஸில் விடிகாலை மூன்று மணிக்குக் குழந்தையோடும் மூட்டையோடும் இறங்குகிறவளை மனதில் வைத்திருந்தால் எதை முதலில் கட்டியிருப்பார்கள்?

நகராட்சி மன்றங்களில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடஒதுக்கீடு 2016இல் சட்டமானது. 2022 தேர்தலுக்குப் பின் சென்னையின் இருநூறு வார்டுகளில் பாதியாவது பெண் உறுப்பினர்கள், மேயரும் பெண். எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் மாநகராட்சியின் கையில் இருப்பது நடைபாதையும் தெருவிளக்கும் பஸ் நிறுத்த நிழற்குடையும். பஸ் எப்போது வரும், எங்கே போகும் என்பது அந்த மன்றத்தின் அதிகாரத்தில் இல்லை. காத்திருக்கிற இடத்துக்குக் கூரை போடப் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்திருக்கிறோம். பஸ் விடுகிற மேஜையில் உட்கார்கிறவர்கள் பதவியின் பேரால் உட்கார்கிறவர்கள். அந்தப் பதவியில் அப்போதைக்கு ஒரு பெண் இருந்தால் ஒரு பெண் இருப்பார்.

கருத்துக்கேட்பு நடக்கிறதே என்பார்கள். அப்படி ஒன்றுக்குப் போயிருந்தேன். புதன்கிழமை காலை பதினோரு மணி. வந்திருந்தவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் குடியிருப்போர் சங்கத் தலைவர்களும் அதிகம். நல்ல மனிதர்கள், தயாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள். தங்கள் தெருவில் மேம்பாலத் தூண் வரக் கூடாது என்பதற்கு வரைபடத்தோடு காரணம் வைத்திருந்தார்கள். கண்ணாடித் திரையில் வண்ணக் கோடுகள் ஓடின. ஒரு பூ வியாபாரப் பெண்மணி எழுந்து, விடிகாலை கோயம்பேடு போகிற பஸ்ஸில் கூடையை ஏற்றவிடாமல் சண்டை போடுகிறார்கள், அதற்கு என்ன செய்வீர்கள் என்றார். அது செயல்பாட்டுப் பிரச்சினை, இது நீண்டகாலத் திட்டம் பற்றிய கூட்டம் என்று மரியாதையாகவே பதில் சொன்னார்கள். கூடை இருபது வருடமாக அந்தப் பஸ்ஸில்தான் போகிறது என்றார் அவர். சிரித்தார்கள், அடுத்த கேள்விக்குப் போனார்கள்.

நீண்டகாலம் என்பது யாருடைய காலம்? நான் கேட்கிற விஷயம் ஒன்றும் பெரிதில்லை. பெரும்பாக்கத்திலிருந்தும் கண்ணகி நகரிலிருந்தும் மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் காலை நாலே முக்காலிலிருந்து ஆறரைவரை பத்து நிமிடத்துக்கு ஒரு சாதாரண பஸ். பிற்பகல் இரண்டிலிருந்து நாலுவரை அதேபோலத் திரும்ப. இது ஆபீஸ் நேரம் இல்லை, கூட்ட நேரம் இல்லை, எந்த வரைபடத்திலும் உச்சமாகத் தெரியாத நேரம். அந்த நேரத்துக்கு பஸ்ஸை எடுத்தால் வேறெங்கோ எடுக்க வேண்டியிருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒன்பது மணிக்கு மென்பொருள் அலுவலகம் போகிறவர் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்கலாம். என் மாணவிகளில் சிலர் நாளைக்கு அங்கேதான் வேலைக்குப் போவார்கள், அவர்களும் நிற்க வேண்டிவரும். ஒருவர் நேரத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காமல் கால அட்டவணை போட முடியாது, இதுவரையும் அப்படித்தான் போட்டார்கள், எடுத்த இடம் மட்டும் எழுதப்படவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை ஒன்பது மணிக்காரரிடமிருந்து எடுக்கலாம் என்பது என் தரப்பு. கூட்டத்தில் கொடுத்த படிவத்தில் இதற்குப் பொருத்தமான கட்டம் எதுவும் இல்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் நேரத்தையும் தடத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.